நாற்பதாண்டுப் பெருவீரர்

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அனுப்பியவரின் பெயரே உறையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது: புதுவை வட்டாரக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொல்பெருமை நிர்ணயக் குழு. மிச்சமிருந்த மூலையில் 'முருகையன், முதலியார்பேட்டை' என்று என்னை நெருக்கி எழுதியிருந்தார்கள். என் பெயரைக் கையால் எழுதி ஒரு கடிதம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், கேட்டிலேயே நின்று இரண்டு தரம் படித்தேன்.

கடந்த நாற்பது ஆண்டுகளில் புதுவைக் கல்லூரிகள் கண்ட தலைசிறந்த கூடைப்பந்து வீரர் ஒருவர், தலைசிறந்த அணி ஒன்று. இவ்விரண்டையும் விவாதித்துத் தீர்மானித்து, புதிதாகக் கட்டப்படும் உள்ளரங்கத்தின் முகப்பில் கருங்கல்லில் பொறிக்கப் போகிறார்களாம். பொருளறிந்தவர்கள் தக்க ஆதாரங்களுடன் விவாதத்தில் கலந்துகொள்ளலாமாம்.

விவாதம் என்ற சொல்லை மட்டும் மூன்றாவது தரமும் படித்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அன்வருதீனும் நானும் ஒரே கல்லூரி, ஒரே அணி. 1988 முதல் மூன்று வருஷம். அவன் பந்தைக் கொண்டுபோகிறவன். நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன். பெஞ்சில் இருப்பவனுக்கு வேலை கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். ஆடுகிறவர்களின் வாட்ச், மோதிரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் என் மடியில்தான் இருக்கும். அதோடு ஒரு நீள நோட்டில், யார் கூடையை நோக்கி எத்தனை தடவை எறிந்தார்கள், எத்தனை விழுந்தது, யார் எத்தனை ஃபவுல் செய்தார்கள் என்று கோடு கிழித்துக் குறித்துக்கொண்டே இருப்பேன். மூன்று வருஷம், நாற்பத்தாறு ஆட்டம், மூன்று நோட்டு. குறிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் ஆரம்பித்த பழக்கம் அது.

கல்லூரி முடிந்தும் எங்கள் பேச்சு முடியவில்லை. அவன் காந்தி வீதியில் பை, குடைக் கடை வைத்தான். நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் ஆனேன். தினமும் சாயங்காலம், கடற்கரைச் சாலையில் வண்டிகளை மறித்துத் தடுப்பு வைத்த பிறகு, பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே சுவரில் போய் உட்காருவோம். முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பேச்சு ஒன்றுதான்: எங்கள் எண்பத்தொன்பது அணி பெரிதா, தொண்ணூற்று நாலில் வந்த எஞ்சினியரிங் கல்லூரி அணி பெரிதா? யார் பெரிய ஆட்டக்காரன்?

"இன்னா சொன்னாலும் பிரேம்குமார் ஆட்டம் வராதுடா" என்பான் அன்வர். பிரேம்குமார் அந்தத் தொண்ணூற்று நாலு அணியின் ஆறடி நாலங்குல ஆள். "அவன் எகிறுனான்னா நம்ம மூஞ்சிக்கு நேரா அவன் முட்டி இருக்கும்."

"ஒயரத்த வச்சிக்கினு இன்னா பண்றது? தென்ன மரம்கூடத்தான் ஒயரமா இருக்குது. நீதான்டா பெரிய ஆளு."

"நான் இல்ல. அவன்தான்."

"நீதான்டா."

இந்த இடம் வந்ததும் அவன் எப்போதும் ஒன்று சொல்லுவான். "சரி, நானும் வேணாம், அவனும் வேணாம். நீதான்டா பெரிய ஆட்டக்காரன். மூணு வருஷத்துல ஒரே ஷாட்டு, ஒரே கூடை. நூத்துக்கு நூறு. உலகத்துல வேற எவன்டா இருக்கான்?" சொல்லிவிட்டுச் சுவரைத் தட்டித் தட்டிச் சிரிப்பான். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. கடலூரில் ஓர் ஆட்டம். நாங்கள் முப்பத்தெட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம், ஒரு நிமிஷம் பாக்கி. பயிற்சியாளர் என்னைப் பார்த்து "நீயும் போப்பா" என்றார். நான் வாட்ச்சுகளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு கூடைக்கடியில் போய் நின்றேன். அன்வர் தானே போட்டிருக்கலாம். போடவில்லை. கோட்டைத் தாண்டப் போன பந்தை விழுந்து பிடித்து என் கையில் கொடுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன். அது பலகையில் மோதி, வளையத்தைச் சுற்றி, என்ன நினைத்துக்கொண்டதோ உள்ளே விழுந்தது. அணியே என்னைத் தூக்கிக்கொண்டது. இறக்கிவிட்ட பிறகு நான் பெஞ்சுக்குப் போய் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன்.

அன்வர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை. என் மனைவி நிர்மலா, பிரான்சில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனாள். முதல் குழந்தை பிறந்து, இரண்டாவது பிறந்து, இப்போது மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சுவரில் நான் இப்போதும் போய் உட்காருகிறேன். அன்வர் உட்காரும் இடத்தில் யாராவது வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். விவாதத்தைத் தனியாக நடத்த முடியுமா என்றும் முயன்று பார்த்தேன். அவன் பங்கை நானே சொல்லும்போது ருசியே இல்லை.

இந்த நிலையில்தான், கூடைப்பந்தைப் பற்றிப் பேச ஒரு குழு கிளம்பியிருக்கிறது என்று கடிதம் வருகிறது. அன்றைக்கே நான் அன்வரின் மனைவி ரமீஜாவைக் கடையில் போய்ப் பார்த்தேன்.

"அவரு பேர கல்லுல போடுவாங்களாண்ணே?"

"போடுவாங்கம்மா. நோட்டு மூணும் எங்கிட்ட இருக்குது. நாற்பத்தாறு மேட்ச்சும் இருக்குது. வேற எவங்கிட்ட இருக்கு?"

அவள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குடையைத் துடைத்தாள். பிறகு, "புள்ளைங்களுக்குக் காட்டலாம்" என்றாள். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. கல்லில் அன்வருதீன் என்ற பெயர் இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

குழுவின் அலுவலகம் கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில், மஞ்சள் பூசிய பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. நீண்ட மேஜையைச் சுற்றிப் பதினோரு உறுப்பினர்கள். நடுவில் தலைவர் முனைவர் செம்மல். கழுத்தில் சால்வை. அது முந்தைய கூட்டத்தில் போட்டதா அன்றைக்கென்று போட்டதா என்று தெரியவில்லை. அவர் எழுந்ததும் மற்றவர்கள் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"போன்ழூர், வணக்கம்! இக்குழுவுக்குத் தலைவராக இருக்க எனக்கு என்ன தகுதி என்று வெளியே சிலர் கேட்கிறார்கள். திறந்த மனத்தோடு சொல்கிறேன். நான் கூடைப்பந்து ஆடியதில்லை. ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பார்த்தவனுக்கு மனம் ஒரு பக்கம் சாயும். என் மனம் எந்தப் பக்கமும் சாய வழியே இல்லை! இதற்கு முன் சிறந்த நாதஸ்வரக் கலைஞரைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கும் இதே தகுதியில்தான் தலைமை தாங்கினேன். அங்கும் ஒரு புகார் வரவில்லை. நாதஸ்வரம் கேட்டவர்கள் யாரையும் நாங்கள் உள்ளே விடவில்லை."

கைதட்டல் அடங்கியதும் செயலாளர் சிலம்பரசன் எழுந்து விதிகளை வாசித்தார். நாலாவது விதியின்படி, கூடைப்பந்து ஆடியவர்கள், ஆடியதைப் பார்த்தவர்கள் ஆகியோர் சார்புடையோர் ஆவர். விவாதம் நடைபெறும் நேரங்களில் சார்புடையோர் வெளித் தாழ்வாரத்தில் அமர வேண்டும். அவர் வாசித்து முடித்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார், நான் விவாதம் பண்ணத்தானே வந்தேன்" என்றேன்.

"அதான் சார் பிரச்சினையே" என்றார் சிலம்பரசன். பரிவாகத்தான் சொன்னார்.

தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு கிடந்தது. போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கிடைத்தது பெஞ்சுதான் என்று அன்வரிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கதவு சாத்தப்பட்டது. குழுவின் குமாஸ்தா மேனகா என்று ஒரு பெண் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"மத்தவங்கள்லாம் எப்பம்மா வருவாங்க?"

"மொத்தம் பதினேழு பேருக்கு லெட்டர் போட்டோம் சார். ஒன்பது திரும்பி வந்துடுச்சி. அஞ்சு பேரு பிரான்ஸ், கனடான்னு போயிட்டாங்க. ரெண்டு பேரு ஒடம்பு முடியலன்னு சொல்லிட்டாங்க." விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நீங்க ஒருத்தர்தான் சார்" என்றாள்.

வாரத்துக்கு இரண்டு கூட்டம் நடந்தது. கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அந்த பெஞ்சில் உட்காருவேன். கதவு பழசு, கீழே இடுக்கு உண்டு. உள்ளே பேசுவது கேட்கும். முதல் மூன்று கூட்டங்களும் கல்லூரி என்றால் என்ன என்பதிலேயே போயின. ஓர் உறுப்பினர், தான் நடத்திவரும் ஓட்டுநர் பயிற்சிக் கல்லூரியைச் சேர்க்க வேண்டும் என்று மேஜையைத் தட்டினார். அங்கே கூடைப்பந்து இருக்கிறதா என்று ஒருவர் கேட்டதற்கு, "இல்லை. ஆனால் ஒருபோதும் தோற்றதில்லை" என்றார். அந்த வாதத்தில் ஏதோ இருப்பதாகத் தலைவர் சொன்னார். அது குறிப்பேட்டில் ஏறியது.

நாலாவது கூட்டத்தில் வெவ்வேறு காலத்து ஆட்டக்காரர்களை எப்படி ஒப்பிடுவது என்று எடுத்துக்கொண்டார்கள். சிமென்ட் தரையில் ஆடியவர்களுக்கு இத்தனை புள்ளி கூட்டு, ஷூ போட்டு ஆடியவர்களுக்கு இத்தனை கழி, அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை சராசரிக்கு மேல் பெய்திருந்தால் இத்தனை சேர். உயரமாகப் பிறப்பது ஒருவரின் சொந்த முயற்சி அல்ல என்பதால், ஐந்தடி எட்டங்குலத்துக்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நாலு புள்ளி கழிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. பிரேம்குமார் மைனஸ் பதினெட்டில் வந்து நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தட்டினேன். சிலம்பரசன் கால்வாசி திறந்து எட்டிப் பார்த்தார்.

"சார், பிரேம்குமார மைனஸ்ல போடக் கூடாது சார்! ஒயரமா இருந்தா மட்டும் பந்து தானா விழுமா? அந்த ஆளு ரெண்டு கையாலயும் போடுவான். பாண்டியில அவன மாதிரி ஒரு ஆளு வரல!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வாழ்நாளில் முதல் தடவையாகப் பிரேம்குமாருக்காகப் பேசியிருக்கிறேன். இதைக் கேட்க முப்பது வருஷம் காத்திருந்தவன் கேட்க இல்லை. சிலம்பரசன் என் கருத்தைச் 'சார்பு' என்று குறித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேனகா பார்க்காதது மாதிரி பைல்களை அடுக்கினாள்.

அடுத்த வாரம் சிலம்பரசன் ஒரு படிவத்தோடு தாழ்வாரத்துக்கே வந்தார். அவருடைய தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற குடும்பம். வருஷா வருஷம் தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு போய், இவர் உயிரோடு இருக்கிறார் என்று சீல் வாங்கி அனுப்பி அனுப்பியே வளர்ந்தவர். உயிர்ச் சான்று இல்லாத எதையும் அவரால் நம்ப முடியவில்லை.

"நீங்க முன்மொழிஞ்சிருக்கற அன்வருதீனோட உயிர்ச் சான்று இல்லையே?"

"அவன் எறந்துட்டான் சார்."

"அத அவரு குழுவுக்கு எழுத்து மூலமா தெரிவிச்சாரா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். கடைசியில் மேனகாதான், வாரிசு வந்து விளக்கம் கொடுத்தால் போதும் என்று ஒரு வழி சொன்னாள். ரமீஜா கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, இறப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். பெஞ்சில் என் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு சிலம்பரசன் வந்து சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இறப்புச் சான்றும்மா. நாங்க கேட்டது உயிர்ச் சான்று."

ரமீஜா முக்காட்டைச் சரி செய்துகொண்டு சொன்னாள்: "அது எங்கிட்ட இருந்தா நான் ஏன் சார் இங்க வந்து ஒக்காந்திருக்கேன்?"

சிலம்பரசன் சற்று யோசித்தார். பிறகு அதை அப்படியே படிவத்தில் எழுதி, கீழே 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று சீல் அடித்தார். அந்தச் சீலைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. படி இறங்கும்போது ரமீஜாவிடம், "பாத்தியாம்மா, ஏத்துக்கினாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு ஆதாரங்களைச் சமர்ப்பிக்கச் சொன்னார்கள். என் மூன்று நோட்டுகளையும் மேஜை மேல் வைத்தேன். பதினோரு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். தலைவர் ஓர் அட்டையைத் தொட்டுவிட்டு, "எண்கள்!" என்றார். எண் என்றால் சார்பு கிடையாது, எண்ணை யாரும் பார்த்து மயங்க முடியாது, இனி விவாதமே தேவையில்லை என்று ஒரு சிறு உரை நிகழ்த்தினார். நோட்டுகளைத் துணியில் சுற்றி அரக்கு வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். என்னிடம் ஒரு ரசீது கொடுத்தார்கள். இனி வர வேண்டாம், முடிவு விழாவில் அறிவிக்கப்படும் என்றார்கள். பெஞ்சை விட்டுப் போகவும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் பேச மேனகாவாவது இருந்தாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளரங்கம் பாதிதான் கட்டியிருந்தது. கூரை போட்டாயிற்று, கூடைகள் இன்னும் வரவில்லை. முகப்பில் கருங்கல்லுக்குப் பட்டுத் துணி போர்த்தியிருந்தார்கள். நாற்காலிகள் முந்நூறு. ஆட்கள் நாற்பது பேர், பாதிப்பேர் மேளம் அடிக்க வந்தவர்கள். இரண்டாம் வரிசையில் ரமீஜா மகள் நூரீனோடு உட்கார்ந்திருந்தாள். நூரீன் படம் எடுக்க போனைத் தயாராக வைத்திருந்தாள். என்னை முதல் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு இடது பக்க நாற்காலியில் 'சிறப்பு விருந்தினர்' என்று காகிதம் ஒட்டியிருந்தது. அவர் வரவில்லை.

தலைவர் முதலில் தலைசிறந்த அணியை அறிவித்தார். 2007-ஆம் ஆண்டு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த ஒரு கல்லூரி. அந்த வருஷம் பந்த் நடந்ததால் எதிரணியின் பஸ் ஊர் எல்லையான கோரிமேட்டைத் தாண்டவில்லை. விதிப்படி இருபதுக்குப் பூஜ்யம் என்று வெற்றி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரி எதிலும் ஆடவில்லை. "ஆடிய ஆட்டம் ஒன்று. வென்ற ஆட்டம் ஒன்று. எதிரணி பெற்ற புள்ளி, பூஜ்யம்! இத்தகைய தடுப்பாட்டத்தை நாற்பதாண்டில் எவரும் காட்டவில்லை" என்றார் தலைவர். அந்த அணியில் இருந்த யாரும் விழாவுக்கு வரவில்லை. தாங்கள் அணியில் இருந்தது அவர்களுக்கு நினைவிருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

என் நோட்டுகளை இவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"அடுத்து வீரர். இங்கே ஓர் உணர்ச்சிமிக்க முன்மொழிவு வந்தது. அன்வருதீன் என்பவர். குழு திறந்த மனத்தோடு ஆராய்ந்தது. முன்மொழிந்தவர் தந்த ஆதாரத்தின்படியே, அவர் கூடையை நோக்கி எறிந்தது எண்ணூற்றுப் பதினொரு முறை. அதில் நானூற்று ஒன்பது முறை பந்து கூடையில் விழவில்லை. நானூற்று ஒன்பது! ஒரு மனிதர் தன் கல்லூரிக்கு நானூற்று ஒன்பது ஏமாற்றங்களைத் தந்திருக்கிறார். ஃபவுல், நூற்று முப்பத்தொன்று. காலமானவர் என்பதால் மேற்கொண்டு பேச விரும்பவில்லை."

நான் திரும்பி ரமீஜாவைப் பார்க்கவில்லை. நூரீன் போனைக் கீழே இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது, வளையல் சத்தம்.

"ஆனால் அதே ஏடுகளில், யாரும் கவனிக்காத ஒரு மூலையில், ஒரு பெயரைக் குழு கண்டெடுத்தது. எறிந்தது ஒரு முறை. விழுந்தது ஒரு முறை. ஃபவுல் இல்லை. நாற்பதாண்டில் இந்தச் சாதனைக்கு அருகில்கூட எவரும் வரவில்லை. பெரியோர்களே, நூற்றுக்கு நூறு! உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?"

பட்டுத் துணியை இழுத்தார்கள். கல்லில் முருகையன் என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. அந்தப் பெரிய காலி மண்டபத்தில் என் சிரிப்பு கூரையில் மோதித் திரும்பி வந்தது. முப்பது வருஷமாகச் சுவரில் உட்கார்ந்து அவன் சொன்ன கிண்டலை, சால்வை போட்ட ஒரு முனைவர் மைக்கில், வார்த்தை மாறாமல், முகத்தில் ஒரு துளிச் சிரிப்பு இல்லாமல் சொல்கிறார்! டேய், கேட்டியா என்று பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினேன். 'சிறப்பு விருந்தினர்' என்ற காகிதம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் சிரிப்பு நின்று, கண்ணில் நீர் முட்டியது. மேடையில் இருந்தவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு பலமாகக் கை தட்டினார்கள்.

பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "இது தப்புங்க. அந்தப் பந்த எனக்குக் குடுத்ததே அன்வருதான். நான் கண்ண மூடிக்கினு போட்டேன்" என்றேன்.

தலைவர் மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார். "பாருங்கள், எத்தகைய அடக்கம்! கண்ணை மூடிக்கொண்டு போட்டேன் என்கிறார். திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!"

மேளம் ஆரம்பித்துவிட்டது. கூட்டம் கலையும்போது ரமீஜாவிடம் போய் நின்றேன். அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத அவரு ஊட்லயும் சொல்லுவாருண்ணே. ஒரு ஷாட்டு, ஒரு கூடைன்னு. சொல்லிட்டு அவரே சிரிப்பாரு." பிறகு, "இன்னிக்கி இருந்திருந்தா உருண்டு பொரண்டிருப்பாரு" என்றாள்.

"மன்னிச்சிரும்மா. நான் எடுத்துக் குடுத்த நோட்டுதான்."

"நீங்க இன்னாண்ணே பண்ணுவீங்க." நூரீன் ஆட்டோவைக் கூப்பிட்டாள். அவர்கள் போய்விட்டார்கள்.

நான் சிலம்பரசனைத் தேடிப் பிடித்து, எனக்கு இந்தப் பட்டம் வேண்டாம், பெயரை எடுத்துவிட்டு அன்வருதீன் பெயரைப் போடுங்கள் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதற்கும் விதி இருக்கிறது என்று பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மறுப்புப் படிவம், எண் ஒன்பது. நான் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்தார்.

"கீழ இன்னொரு கையெழுத்து வேணும் சார். மொதல் எடத்துக்காரரு வேணாம்னா, ரெண்டாவது எடத்துக்காரரு ஒப்புக்கணும். அவரு கையெழுத்து வாங்கிக்கினு வாங்க, மாத்திடலாம்."

"ரெண்டாவது யாரு?"

பைலைப் புரட்டினார். "அன்வருதீன்" என்றார்.

"வாரிசு போட்டா ஆகாதா?"

"விளக்கத்துக்குத்தான் சார் வாரிசு. சம்மதம்னா சம்பந்தப்பட்டவரேதான் போடணும்" என்றார். நேரில் வர முடியாவிட்டால் தபாலில் அனுப்பினாலும் போதும் என்று, உதவியாக ஒரு வார்த்தை சேர்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது நிர்மலாவின் போன் வந்தது. "சாப்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். நாற்பது வருஷத்தில் பாண்டிச்சேரி கண்ட பெரிய கூடைப்பந்து வீரன் நான்தான் என்று அறிவித்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். "அப்டியா?" என்றவள், சின்னவன் எதையோ இழுத்துப் போட்ட சத்தத்துக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டு வந்து, "ஆமா, அந்த தண்ணி மோட்டர சரி பண்ணீங்களா?" என்று கேட்டாள். பண்ணிவிட்டேன் என்றேன். பண்ணவில்லை.

சாயங்காலம் படிவத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். சாலையை மறித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சுவரில் எங்கள் இடம் மட்டும் எப்படியோ காலியாக இருந்தது. உட்கார்ந்து படிவத்தைப் பக்கத்தில் விரித்து, பறக்காமல் இருக்க மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு வெறுமையாக இருந்தது. அவன் கையெழுத்து எனக்குத் தெரியும், போட்டுவிடலாம். பேனாவை எடுத்துவிட்டேன். ஆனால், நான் இல்ல என்று முப்பது வருஷம் சொன்னவனை, நான்தான் என்று கையெழுத்துப் போட வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

"நீதான்டா" என்றேன்.

சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வழக்கமாகக் காத்திருக்கும் அளவு காத்திருந்தேன். இல்லை என்று சொல்ல யாரும் இல்லை. அந்த விவாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் ஜெயித்தேன்.